சார் போர் எரிஞ்ச வருஷம்

தம்பி,

நம் வைக்கோல் போர் எரியவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினான்கு வருஷம் பிடித்திருக்கிறது. அதன் மேல் ஒரு பொறிகூட விழவில்லை. உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, தீ எப்படி வானத்தைத் தொட்டது என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேனே, அத்தனையும் பொய். அன்றைக்கு வெந்துபோனது என்று ஏதாவது உண்டென்றால் அது என் தொண்டைதான், "தீ, தீ" என்று கத்தியதில்.

இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நான் எழுதும் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் உன் அம்மா ஒரு தடவை படித்துவிடுவாள். ஆனால் அச்சில் வருகிற என் எழுத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வரி படித்ததில்லை. நம் வீட்டில் ரகசியம் வைக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

போன வாரம் உன் கடிதம் வந்தது. பாண்டிச்சேரி வேலையை விட்டுவிட்டு, தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அறுவடை முடிந்ததும் மலிவாகக் கிடைக்கும் வைக்கோலை வாங்கிப் போராகப் போட்டு ஐப்பசியில் விற்பது உன் திட்டம். "அப்பா போட்ட கணக்கு சரிதான், தீதான் கெடுத்தது" என்று எழுதியிருக்கிறாய். அது வரைக்கும் பெருமையாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த வரி: "இந்தத் தடவை முள்வேலி போட்டு, அஞ்சலை வீட்டு ஆட்களைக் களத்துப் பக்கமே விடாமல் பார்த்துக்கொள்ளலாம்." அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ கல்யாணப் பத்திரிகை வைக்க ஊருக்கு வரப்போகிறாய். நெடுங்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் நம் தெருவில் முதல் வீடு அஞ்சலை வீடு. நீ அங்கே ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் பேசிவிட வேண்டும். உன் அப்பனுக்குப் பயம் புதிதில்லை, ஆனால் இவ்வளவு பயந்து பல வருஷமாகிறது.

அந்த வருஷத்துக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குக் காரைக்காலில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் போய் மாலையில் திரும்புவேன். நமக்கு நிலம் கொஞ்சம், மாடு கிடையாது. மாடு இல்லாததற்குக் காரணம் வறுமை என்று உனக்குச் சொல்லியிருப்பேன். காரணம் பயம். கொம்பு என்னைப் பார்த்துத் திரும்பினாலே எனக்கு வேர்க்கும். வைக்கோலைத் தின்கிற பிராணியைக் கண்டு நடுங்குகிறவன் வைக்கோல் வியாபாரத்தில் இறங்கினான் என்பதை நீ முதலில் மனதில் வைத்துக்கொள்.

ஆனால் கணக்கு சரியான கணக்குதான். மாசியில் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுக்கிறார்கள், ஒரே வாரத்தில் அடிக்கிறார்கள். களத்தில் மலை மலையாக வைக்கோல் கிடக்கும். தன் மாட்டுக்குப் போக மிச்சத்தை வைத்துக்கொள்ள யாருக்கும் இடம் கிடையாது. அறுத்த கூலி கொடுக்கக் கையில் காசும் கிடையாது. எல்லாரும் விற்கிறார்கள், வாங்க ஆளில்லை. அந்த மாசியில் ஒரு வண்டி வைக்கோல், திருநள்ளாற்று ஓட்டலில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடுகிற விலை. அதே வைக்கோலுக்கு ஐப்பசியில் தெருத் தெருவாக அலைவார்கள். மழையில் மேய்ச்சல் கிடையாது, மாட்டுக்குப் போட்டாக வேண்டும். ஒழுகுகிற கூரைக்குப் போட்டாக வேண்டும். தருமபுரத்துப் பால்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு நம் பக்கம் வருவார்கள். வழக்கமாகப் புரட்டாசி வாக்கில் குறுவை நெல்லை அறுத்ததும் அந்த வைக்கோல் வந்து விலையைக் கொஞ்சம் இறக்கும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாகும் போலிருக்கிறது என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது. தண்ணீர் தாமதமானால், அது கடைசியாக வந்து சேருகிற நம் கடைமடைக்குக் குறுவை கிடையாது. குறுவை இல்லை என்றால் அடுத்த மாசி வரைக்கும் புது வைக்கோல் கிடையாது. இதை நான் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்தேன். என் வாழ்நாளிலேயே நான் சரியாகக் கணித்த ஒரே விஷயம் அதுதான். மனிதன் ஒரு தடவை சரியாகக் கணித்துவிடுவதைப் போல் ஆபத்து வேறு இல்லை, தம்பி.

முப்பது வண்டி வாங்கினேன். நம் கொல்லைக்குப் பின்னால் மேட்டில் போர் போட சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டேன். அவர் கட்டிய போரில் மழைத்தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். அவர் ஒரு கை வைக்கோலை எடுத்து முறுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இன்னும் பச்ச வாடை போவலைங்க. நாலு நாள் விரிச்சுப் போட்டுக் காய வுடுவோம்."

"நாலு நாளில் வேறு எவனாவது வந்து விலை கேட்டால்?"

"கேட்டா என்னங்க? நீங்கதான் வாங்கிட்டீங்களே."

"உமக்கு வியாபாரம் தெரியாது."

"தெரியாதுங்க. வைக்கோலுதான் தெரியும்."

எனக்கு விலை எங்கே ஏறிவிடுமோ, விற்றவன் எங்கே மனசு மாறிவிடுவானோ என்று பயம். அன்றைக்கே போட்டாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். போட்டார். போகும்போது, ஈர வைக்கோலைப் போட்டால் உள்ளே சூடேறும், சில சமயம் தானாகவே கருகிப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லி, ஒரு நீளக் கம்பியைக் கொடுத்தார். கம்பியைப் போருக்குள் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காவிட்டால் போரைப் பிரித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தக் கம்பியோடு நான் எட்டு மாதம் குடித்தனம் நடத்தினேன். காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு தடவை. கையை நம்பாமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நெற்றியை அத்தனை தடவை தொட்டதில்லை என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். முதல் மாதம் கம்பி சுட்டது உண்மை. பிறகு ஆறிவிட்டது. "ஏறுன சூடு எறங்கிடுச்சுங்க, இனிமே செருகாதீங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி எறங்கும்" என்று சாமிக்கண்ணு கெஞ்சினார். நான் கேட்கவில்லை. சூடு வைக்கோலை விட்டு எனக்குள் ஏறியிருந்தது.

குறுவை வரவில்லை. ஆனியிலேயே விலை ஏறத் தொடங்கியது. மாசியில் ஓட்டல் சாப்பாட்டு விலைக்கு வாங்கிய வண்டி, ஆனியில் ஒரு நல்ல வேட்டி விலை. ஆவணியில் வேட்டியோடு சட்டைத் துணியும் சேர்ந்துகொண்டது. புரட்டாசியில் உன் அம்மாவுக்கு ஒரு புடவையை நான் மனசுக்குள் பிரித்து, மடித்து வைத்தேன். காரைக்காலிலிருந்து தரகர் நடேசன் வாரம் ஒரு முறை வந்து போரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சார், குடுத்துடுங்க. இதுக்கு மேல ஏறாதுங்க."

"ஏறாது என்றால் நீர் ஏன் வாரா வாரம் வருகிறீர்?"

"உங்க முகத்தப் பாக்கத்தான் சார். ராஜா மாதிரி இருக்கீங்க. தூக்கந்தான் இல்ல போலருக்கு."

மனுஷனுக்குக் கண் கூர்மை. விலை இறங்கும்போது வருவதைவிடப் பெரிய பயம் விலை ஏறும்போது வருகிறது. இறங்கினால் அழுதுவிட்டுத் தூங்கலாம். ஏறினால், இன்றைக்கு விற்றவன் நாளைக்கு முட்டாளாகிவிடுவோமோ என்று விடியும் வரை புரளத்தான் முடியும்.

இப்போது அஞ்சலை. அந்த ஆனியில்தான் அவள் என் முன்னால் வந்து நின்றாள். ஒரே ஒரு கறவை வைத்துக்கொண்டு நாலு வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள். நீ குடித்த பாலும் அவள் கறந்ததுதான்.

"சார், ஒரு வண்டி குடுங்க. மாசி வெலைக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுத்துடுறேன்."

"ஊர் விலை இன்றைக்கு என்ன என்று தெரியுமா, அஞ்சலை?"

"தெரியுங்க. அதனாலதான் உங்கள்ட்ட வந்தேன்."

எப்பேர்ப்பட்ட பதில். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே விலைதான்" என்று நியாயவானைப் போல் சொன்னேன். அவள் போரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையோடுதான் என் இரண்டாவது பயம் பிறந்தது. மறுவாரம் பால் வருவதும் நின்றது, கோபத்தில் நிறுத்திவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் ஒருவன் மேல் ஆத்திரம் என்றால் வீட்டுக்குப் போய் அடிக்க மாட்டார்கள், வைக்கோல் போரில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உனக்கும் தெரியும். அந்த ஆவணியில் பக்கத்து ஊரில் ஒரு போர் எரிந்தது. அடுப்புச் சாம்பல் பறந்து பற்றியது என்று சிலர் சொன்னார்கள். பங்காளி வைத்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் மற்றவர்களை நம்பினேன்.

அதன் பிறகு நெருப்பு வைத்திருக்கிற எல்லாரும் எனக்கு எதிரிகள். பீடி பிடிக்கிறவர்கள் நம் கொல்லைப் பக்கம் வந்தால் ஓடிப்போய் வெற்றிலை நீட்டுவேன். வாயில் வெற்றிலை இருந்தால் பீடி வைக்க முடியாது என்பது என் கண்டுபிடிப்பு. ஒரே மாதத்தில் பீடி பழக்கமே இல்லாதவர்கள்கூட என்னைக் கண்டதும் காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு வந்தார்கள்.

புரட்டாசி முடிகிற நேரத்தில் அஞ்சலை தினமும் வர ஆரம்பித்தாள். வைக்கோல் கேட்கவில்லை. வந்து போரைச் சுற்றி வருவாள். தென்பக்கம் கொஞ்ச நேரம் குனிந்து நிற்பாள். பிறகு என்னிடம் வந்து கேட்பாள்.

"எப்பங்க பிரிக்கிறீங்க?"

"இன்னும் விலை வரட்டும்."

"சரிங்க, மெதுவாவே பிரிங்க. ஆனா பிரிக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். மறந்துடாதீங்க."

தினமும் இதே பேச்சு. எதற்கு நாள் குறிக்கிறாள்? நான் விற்பதற்கு முன் காரியத்தை முடிக்கவா? ஒரு நாள் அவள் போன பிறகு தென்பக்கம் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. யாரோ வைக்கோலை உருவி வழி செய்ததைப் போல் இருந்தது.

அப்போதுதான் தீபாவளி வந்தது. அந்தத் தீபாவளிக்கு உன்னையும் அம்மாவையும் மாயவரத்துத் தாத்தா வீட்டுக்கு அனுப்பினேன் அல்லவா? "தாத்தாவுக்குப் பேரனைப் பார்க்க ஆசை" என்று சொன்னேன். தாத்தாவுக்கு அப்படி ஒரு விசேஷ ஆசையும் இல்லை. நீ மத்தாப்புக் கொளுத்துவாய் என்று எனக்குப் பயம். பண்டிகை நாளில் என் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பி வைக்கோலை வீட்டில் வைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த எல்லாக் கோமாளித்தனத்தையும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட முடிகிறது, இது ஒன்றைத் தவிர.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிடுவது என்று துணிந்தேன். பாம்பு இருக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். விரல் நுனியில் சூடு தட்டியது. கற்பனை இல்லை, தம்பி. வெளியே வைக்கோல் சில்லென்று இருந்தது. உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. கையை உருவிக்கொண்டு ஓடிவந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தேன். போர் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது, யாரோ அதற்கு வழியும் வெட்டிவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று இரவு முழுக்க மழை. விடியற்காலையில் மழை விட்டு, லேசாக வெயில் அடித்தது. தலையில் எண்ணெயோடு கொல்லைப் பக்கம் வந்தவன் பார்த்தேன். போரின் உச்சியிலிருந்து, பக்கங்களிலிருந்து, வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலில் வெடி வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வெடியை நிறுத்தினார்கள். நம் தெரு முழுக்க ஓடிவந்தது. பாதிப் பேர் தலையில் சீயக்காயோடு, மீதிப் பேர் மஞ்சள் தடவிய புதுத் துணியோடு. "பிரிங்க! உள்ளே பற்றிவிட்டது! பிரித்துப் போடுங்கள்!" என்று நான் அலறினேன். ஒருத்தர்கூட, இந்த ஆள் நமக்கு வைக்கோல் தரமாட்டேன் என்றவனாயிற்றே என்று நின்று யோசிக்கவில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். புது வேட்டியோடு போரின் மேல் ஏறி வைக்கோலை வாரி வாரி எறிந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அஞ்சலையும் வந்தாள். அவள் கையில் குடம் இல்லை, வெறும் கூடை. நேராகத் தென்பக்கம் ஓடினாள். ஆபத்து நேரத்தில்கூட அள்ளிக்கொண்டு போக வந்திருக்கிறாளே என்று என் மனசு பொருமியது.

முப்பது வண்டியும் சேற்றில் சரிந்த பிறகு சாமிக்கண்ணு வந்தார். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார், என்னைப் போலவே.

"சார், சில்லுனு இருக்கு."

"அப்படியானால் புகை?"

"ஆவிங்க. நனஞ்ச போருல வெயில் பட்டா ஆவி கெளம்பாதா? அதோ உங்க வூட்டுக் கூரையப் பாருங்க."

பார்த்தேன். நம் வீட்டுக் கூரையிலிருந்தும் அதே வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாக் கூரையிலிருந்தும்தான். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. நடேசன் வந்து, குடையைச் சாய்த்துப் பார்த்து, "எருவுக்கு வேணா ஆள் பாக்கட்டுமா சார்?" என்றார்.

ஊர் என் மானத்தைக் காப்பாற்றிய விதம் தனி. யாரும் முகத்துக்கு நேரே கேலி செய்யவில்லை. காலக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். "அவன் எப்பப் பொறந்தான்? சார் போர் எரிஞ்ச வருஷம்." நீ மாயவரத்திலிருந்து வந்து அதைக் கேட்டாய், நிஜமாகவே எரிந்தது என்று எடுத்துக்கொண்டாய், யார் வைத்தது என்று என்னைக் கேட்டாய். எட்டு வயதுப் பிள்ளையிடம், உன் அப்பன் ஆவியைப் பார்த்துப் பயந்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வைக்கோல் கேட்டுக் கிடைக்காதவங்க யாராவது வச்சிருப்பாங்க" என்று சொன்னேன். நீயே அஞ்சலையா என்றாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு மறுநாளே உண்மை தெரிந்துவிட்டது. "பயந்ததை மறைக்க ஒரு பொம்பள மேல பழி போடாதீங்க" என்று ஒரே தடவை சொன்னாள், பிறகு சொல்லவில்லை. தீபாவளிக்கு உங்களை ஏன் அனுப்பினேன் என்பது மட்டும் அவளுக்கு இன்றும் தெரியாது. அந்தப் பொங்கல் கழிந்து அஞ்சலை ஒரு சேவலைக் கொண்டுவந்து கொடுத்தபோது, குற்றம் குறுகுறுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது கலந்திருப்பாளோ என்று குழம்பை முதலில் பூனைக்கு ஊற்றிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன.

வைக்கோல் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. காயவிட்டுப் போடு. போர் போடுகிறவர் சொன்னால் கேள். ஐப்பசி விலைக்குக் காத்திரு, ஆனால் ஆனியில் உன் வாசலில் வந்து ஒரு வண்டி கேட்கிறவளுக்கு ஆனியிலேயே கொடு. அது தர்மம் இல்லை, வியாபாரம்தான். மாட்டை வைத்திருக்கிறவள் மாட்டை வைத்திருந்தால்தான் உனக்கு ஐப்பசியில் வாங்க ஆள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, முள்வேலி போடாதே. வேலி போட்டவனுக்கு வெளியே நிற்கிற எல்லாரும் திருடனாகத் தெரிவார்கள். நான் வேலி இல்லாமலே அந்த நிலைக்கு வந்தவன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன், மூன்றாவது தடவை அவளே பார்த்துவிட்டாள். முடி நரைத்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ போருக்குத் தீ வைத்துவிடுவாய் என்று பயந்தேன், என் பிள்ளையையும் அப்படியே நம்பவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு எதுக்கு சார் உங்க வைக்கோலு? நீங்க இல்லேன்ன மறுவாரமே மாட்ட வித்துட்டனே."

"பிறகு எதற்குத் தினமும் வந்து போரைப் பார்த்தாய்?"

"என் கோழி சார். உங்க போருல தெக்கால பொந்து போட்டு அடை உக்காந்துடுச்சு. எடுத்தா முட்டை கெட்டுடும். அதான் பிரிக்கிறப்ப சொல்லுங்கன்னேன். நீங்க சொல்லாமப் பிரிச்சுட்டீங்க, கூடையத் தூக்கிட்டு ஓடியாந்தேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு குஞ்சு பொரிச்சுது. எடம் குடுத்தீங்களேன்னுதான் பொங்கல் கழிச்சு ஒண்ணக் கொண்டாந்து குடுத்தேன்."

அந்தக் கோழிக் குழம்பு உனக்கு நினைவிருக்கும், தம்பி. இன்னொரு கால் வேண்டும் என்று நீ அழுதாய்.